பன்னிரண்டரை

கிரேவனில் விடிய விடியக் கடிதம் பிரித்துவிட்டு
எட்டரை ரயிலில் மூன்ஸ்டர் வந்து இறங்கினால்
சைக்கிள் நிற்கிறது.
பூட்டு பூட்டினபடியே.
சீற் இல்லை.
சீற்றைத் தாங்குகிற கம்பியும் இல்லை.
வானத்தைப் பார்த்து வாய் திறந்தபடி ஒரு குழாய்,
அதற்குள் இரவு மழை.

வாரென்டோர்ஃப் வீதி நெடுக
நின்றபடியே மிதித்தேன்.
மறதியில் இரண்டு தரம் இருக்கப் பார்த்தேன்.
இரண்டாம் தரம் எங்கே இடித்தது என்று
எழுத மாட்டேன்.

கடைக்காரனின் சட்டையில் ஹென்னிங் என்று தைத்திருந்தது.
குழாய்க்குள் இடுக்கி மாதிரி ஒன்றை விட்டு
இருபத்தேழு தசம் இரண்டு என்றான்.
மலிவுப் பெட்டியில் வெறும் இருபத்தேழு கிடந்தது,
பத்து யூரோ குறைவாக.
இது காணாதா?
"போகும். பிறகு இறங்கும்.
நாளுக்குக் கொஞ்சம், தெரியாமல்.
ஒரு மாதத்தில் முழங்கால் உங்கள் நாடியில் முட்டும்."
தசம் இரண்டு மில்லிமீற்றர்.
கடிதம் பிரிக்கிறவளின் விரலுக்கு அது தெரியும்:
இரண்டு தாள்.
வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதங்கள்
அநேகமாக அந்தத் தடிப்புத்தான்.
இருபத்தேழு தசம் இரண்டையே எடுத்தேன்.

சுவர் முழுக்க சீற்றுகள்.
ஒன்று பாண் போலப் பொங்கி,
ஒன்று அகப்பைக் காம்பு போல மெலிந்து,
ஒன்று நடுவில் பிளந்து,
பெண்களுக்கு என்று ஊதாப் பூப் போட்டது ஒன்று,
அதற்கு மட்டும் ஏழு யூரோ கூட.
மாம்பழம் பார்ப்பதுபோல்
மெத்தென்ற ஒன்றைப் பெருவிரலால் அமத்தினேன்.
"நீங்கள் விரலால் இருக்கப் போவதில்லையே" என்றான்.

பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்தான்.
அதன்மேல் பெட்டி மட்டை ஒரு துண்டு.
"இதில் இருங்கள். குதியைத் தூக்குங்கள்.
முன்னுக்குச் சரியுங்கள். இன்னும்."
மணி தெரிந்துகொண்டிருந்த இரண்டு மாணவர்கள்
மணி அடிப்பதை நிறுத்தினார்கள்.

பதினேழு வயதில் இந்த நாட்டுக்கு வந்தபோது
கை எலும்பைப் படம் பிடித்தார்கள்.
வயதை அது சொல்லுமாம்.
நான் சொன்னது போதவில்லை.
பிறகு நெஞ்சு, பிறகு பல்.
எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டு
ஒரு கோப்புக்குள் வைத்தார்கள்.
அந்தக் கோப்பை ஒரு நாளும் எனக்குக் காட்டியதில்லை.

எழும்பினேன்.
மட்டையில் இரண்டு குழி,
பிசைந்த மாவில் இரண்டு விரல் ஊன்றின மாதிரி.
ஹென்னிங் சோக்கால் வட்டம் போட்டு
குழிக்குக் குழி அளந்து
மட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
பன்னிரண்டரை சென்ரிமீற்றர்.
கூடவா?
"கூடவுமில்லை, குறையவுமில்லை.
பன்னிரண்டரை."

அகலம் பதினாறில் கறுப்பு ஒன்று,
முப்பத்திநாலு தொண்ணூறு.
தோலில் செய்தது தொண்ணூறு சொச்சம்;
தடவிப் பார்த்துவிட்டு வைத்தேன்,
தடவக் காசில்லையே.
கழற்றுகிற கைப்பிடிதான் கள்ளனுக்கு வசதி என்று
மூன்று யூரோவுக்கு ஒரு ஆணி போட்டுத் தந்தான்.
கள்ளனிடம் இந்தச் சாவி இருக்காதா?
"இருக்கும். ஆனால் சோம்பேறி."

மணியும் வாங்கவில்லை, பையும் வாங்கவில்லை.
மட்டையைக் கேட்டேன்.
ஒரு கணம் பார்த்துவிட்டு மடிக்காமல் தந்தான்.

கால்வாய்ப் பாலத்துச் சிவப்பு விளக்கில்
நுனிவிரல் மட்டும் நிலத்தில் படுகிறது.
சரியான உயரம் இதுதானாம்.
நித்திரை கண்ணைச் சுழற்றுகிறது.
எட்டு வருடம் நான் இருந்து இருந்து
பள்ளமாக்கின பழைய சீற்றில்
இப்போது யாரோ போய்க்கொண்டிருப்பார்,
ஏன் நோகிறது என்று தெரியாமல்
அங்கால் இங்கால் அசைந்துகொண்டு.